ஊன்றிய பாதமும் ஒளிரும் திரையும்

பிரான்சு நாட்டின் தென்பகுதியில், மார்செய் துறைமுகத்துக்குக் கிழக்கே, மத்தியதரைக் கடலோரத்தில் லா சியோத்தா என்னும் சிறு நகரம் உள்ளது. புதுச்சேரி வாசகர் பலருக்கு இப்பெயர் புதிதாக இருக்கலாம். ஆயினும் நம் நகரத்தின் மாலை வேளைகளில் இன்றும் கேட்கும் ஓர் இரும்போசை அவ்வூரிலிருந்தே புறப்பட்டு வந்தது. நாம் சட்டைப் பையில் சுமந்து திரியும் ஒளித்திரைக்கும் அவ்வூரோடு ஒரு தொடர்பு உண்டு. இவ்விரண்டையும் ஒருங்கே வைத்துச் சிந்திப்பது நம் பங்குகளின் இன்றைய வாழ்வுக்குப் பயன்படும் என்று கருதுகிறோம்.

லியோன் நகரில் புகைப்படத் தகடு செய்யும் தொழிலால் செல்வம் சேர்த்த லூமியேர் குடும்பத்தாருக்கு லா சியோத்தாவில் ஒரு மாளிகை இருந்தது. அக்குடும்பத்துச் சகோதரர்களான ஒகுஸ்த், லூயி ஆகிய இருவரும் அவ்வூர் ரயில் நிலையத்தில் ஒரு ரயில்வண்டி வந்து நிற்பதை ஏறத்தாழ ஐம்பது நொடிகள் ஓடும் படமாகப் பிடித்தனர். 1896-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அது மக்களுக்குக் காட்டப்பட்டது. திரையில் விரைந்து வரும் வண்டி தம்மீது ஏறிவிடுமோ என்று அஞ்சிப் பார்வையாளர் எழுந்து ஓடினர் என்றொரு கதை வழங்குகிறது. வரலாற்று அறிஞர் பலர் இதனை ஏற்பதில்லை. கதை மெய்யோ பொய்யோ, அசையும் படத்துக்கு மனித மனத்தின்மேல் எத்தகைய ஆற்றல் உண்டு என்பதை அது குறிப்பால் உணர்த்தத்தான் செய்கிறது.

அதே ஊரில் பத்தாண்டுகளுக்குச் சற்றுப் பின்னர், 1907 என்று பொதுவாகக் குறிக்கப்படும் ஆண்டில், மற்றொன்று பிறந்தது. புரோவான்ஸ் பகுதியில் பழைய குண்டு விளையாட்டு ஒன்று வழக்கில் இருந்தது. ஆடுபவர் சில அடிகள் ஓடிவந்து, பதினைந்து இருபது மீட்டருக்கு அப்பால் உள்ள இலக்கை நோக்கிக் குண்டினை வீச வேண்டும். ழூல் லெனுவார் என்று அழைக்கப்பட்டவர் அவ்விளையாட்டில் தேர்ந்தவர். மூட்டுவாதம் அவரை முடக்கியது. ஓட இயலாத அவர், மைதானத்தின் ஓரத்தில் அமர்ந்து பிறர் ஆடுவதைப் பார்க்கும் நிலைக்கு வந்தார். அவருடைய நண்பரும் மைதானத்துக்கு உரியவருமான எர்னெஸ்ட் பித்தியோ இதனைக் கண்டு மனம் வருந்தினார். தூரத்தைக் குறைப்போம், ஓட்டத்தை விட்டுவிடுவோம், தரையில் ஒரு வட்டம் இட்டு இரு பாதங்களையும் ஊன்றி நின்றபடியே வீசுவோம் என்னும் ஏற்பாடு அங்கே உருவாயிற்று. 1910-இல் லா சியோத்தாவில் இம்முறையில் போட்டியும் நடைபெற்றது.

புரோவான்ஸ் மொழியில் 'பெ' என்றால் பாதம். 'தாங்கா' என்றால் ஊன்றிய. இவ்விரு சொற்களின் சேர்க்கையே 'பெத்தாங்'. தமிழ்ச் செவிக்கு இதில் 'தாங்கு' என்னும் வினை ஒலிப்பதுபோல் இருக்கும். அது ஒலி ஒற்றுமையே அன்றிச் சொல்லுறவு அன்று; எனினும் இன்பமான ஒற்றுமை.

விளையாட்டுகளின் வரலாற்றில் இப்பிறப்பு தனிச்சிறப்பு உடையது என்றே நாம் எண்ணுகிறோம். வல்லவன் இன்னும் விரைவாக, இன்னும் உயரமாக, இன்னும் தொலைவாகச் செல்லும் பொருட்டு விதிகளை மாற்றிக்கொள்வது உலகத்து இயல்பு. இங்கோ, ஓட முடியாத ஒருவருக்காக ஓடக் கூடியவர்களும் நின்றார்கள். பந்தயத் திடலில் ஓடுவோரை உவமையாகக் கொண்டு கொரிந்து நகர மக்களுக்கு எழுதிய புனித பவுல் இதனை அறிந்திருந்தால், அதே மடலில் உடலின் வலுவற்ற உறுப்புகளுக்கு மிகுதியான மதிப்புத் தரவேண்டும் என்று கூறும் பகுதிக்கு இதனை எடுத்துக்காட்டாகக் கொண்டிருக்கவும் கூடும்.

இனி, இவ்விளையாட்டு புதுச்சேரிக்கு வந்த வழியைக் காண்போம். 1674 முதல் நம் நகரம் பிரெஞ்சியரோடு தொடர்புடையது. ஆதலின் இங்கே காணப்படும் பிரெஞ்சு அடையாளங்கள் யாவும் ஆளுநர் மாளிகையிலிருந்து இறங்கி வந்தவை என்று சுற்றுலாப் பயணிகள் கருதுகின்றனர். துய்ப்ளே ஆண்ட காலத்தில் வெள்ளையர் நகரின் மரநிழலில் கனவான்கள் குண்டு வீசி மகிழ்ந்ததாகக் கற்பனை செய்துகொள்ளவும் அவர்கள் தயங்குவதில்லை. துய்ப்ளே புதுச்சேரியை விட்டு நீங்கியது 1754-இல். பெத்தாங் பிறப்பதற்கு அப்போது இன்னும் ஒன்றரை நூற்றாண்டு இருந்தது. தொடக்கத்தில் ஆணி அறைந்த மரக்குண்டுகளே பயன்பட்டன. முழு உலோகக் குண்டு 1920-களில்தான் வந்தது. பிரான்சில் இவ்விளையாட்டுக்கான தேசியக் கூட்டமைப்பு 1945-இலும், பன்னாட்டுக் கூட்டமைப்பு 1958-இலும் தோன்றின. புதுச்சேரியின் ஆட்சி இந்தியாவின் கைக்கு மாறியது 1954 நவம்பர் முதல் நாள். ஆகவே பெத்தாங் செழித்த காலமும், பிரெஞ்சு ஆட்சி இங்கிருந்து விடைபெற்ற காலமும் ஏறத்தாழ ஒன்றே.

இங்கு இதனை வேரூன்றச் செய்தவர்கள் ஆண்டவர்கள் அல்லர். பிரெஞ்சுப் படையில் பணியாற்றித் திரும்பிய தமிழர்கள். நம் ஊர்ப் பேச்சில் அவர்களுக்குச் 'சொல்தா' என்று பெயர். முதல் உலகப் போர் முதற்கொண்டே புதுச்சேரி, காரைக்கால் இளைஞர்கள் பிரான்சின் கொடியின்கீழ்க் கடல் கடந்தனர். அப்போரில் மாண்டோரின் நினைவாக 1938-இல் திறக்கப்பட்ட சின்னம் கடற்கரைச் சாலையில் உள்ளது. பின்னர் இந்தோசீனாவிலும் அல்ஜீரியாவிலும் நம்மவர் பணியாற்றினர். பிரான்சில் அவர்கள் முதலில் மிதித்த மண் பெரும்பாலும் மார்செய் மண்ணே. குடியேற்ற நாட்டுப் படைகளுக்கான முகாம்கள் அமைந்திருந்த ஃபிரேழுய்ஸ் நகரமும் அதே புரோவான்ஸ் கரையில்தான் உள்ளது. இங்கே ஒரு செய்தியைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. மார்செய்க்கும் கீழ்த்திசைத் துறைமுகங்களுக்கும் இடையே பயணிகளை ஏற்றிச் சென்று, புதுச்சேரிக் கடலிலும் நங்கூரமிட்ட மெஸாழெரி மரித்தீம் குழுமத்தின் கப்பல்கள் பல, லா சியோத்தாவின் தளத்திலேயே கட்டப்பட்டவை. நம் முன்னோரைச் சுமந்து சென்ற மரக்கலமும், அவர்கள் சுமந்து வந்த விளையாட்டும் ஓரூரில் பிறந்தவை.

1956-இல் கையெழுத்தான ஒப்படைப்பு உடன்படிக்கை 1962 ஆகஸ்டு 16-இல் நடைமுறைக்கு வந்தது. பிரெஞ்சுக் குடியுரிமையை விரும்புவோர் எழுத்து வடிவில் தெரிவிக்க ஆறு மாத காலம் தரப்பட்டது. சில ஆயிரம் பேர் அவ்வாறு தெரிவு செய்தனர். அக்குடும்பங்களின் பிள்ளைகள் பலருக்குப் படைப்பணி இயல்பான வாழ்க்கை வழியாயிற்று. பதினெட்டு, இருபது வயதில் சேர்ந்தவர் பதினைந்து ஆண்டுகள் முடித்தால் ஓய்வூதியம் பெறலாம் என்பது பிரெஞ்சுப் படையின் கீழ்நிலை வீரருக்கு நெடுங்காலம் இருந்த விதி. இதன் விளைவை எண்ணிப் பாருங்கள். முப்பத்தைந்து, நாற்பது வயதில் உடல் வலு குன்றாத ஒருவர், வாழ்நாள் முழுதும் வரும் வருவாயோடு, செய்வதற்கு வேலை ஏதுமின்றித் தாயகம் திரும்புகிறார். அண்டை வீட்டார் வயலுக்கும் ஆலைக்கும் செல்லும் வேளையில் இவருக்கு மட்டும் நாள் நீண்டு கிடக்கிறது. அந்நெடும்பொழுதை நிறைக்க மது வந்தது என்பதை மறைப்பதற்கில்லை. அதே பொழுதை நிறைக்கப் பெத்தாங்கும் வந்தது.

விளையாட்டின் அமைப்பு எளியது. எழுபது முதல் எண்பது மில்லிமீட்டர் வரை குறுக்களவு உள்ள உலோகக் குண்டுகள். ஒவ்வொன்றும் 650 முதல் 800 கிராம் எடை. இலக்காக அமைவது எலுமிச்சையினும் சிறிய ஒரு மரக்குண்டு. பிரெஞ்சியர் அதனைக் 'கொஷொனே', அதாவது பன்றிக்குட்டி என்பர். ஆறு முதல் பத்து மீட்டர் தொலைவில் அது எறியப்படும். வட்டத்துக்குள் பாதங்களை ஊன்றி, வீசிய குண்டு தரையைத் தொடும்வரை பாதம் எழும்பாமல் நின்று வீச வேண்டும். இலக்குக்கு மிக அண்மையில் குண்டினை நிறுத்துபவருக்குப் புள்ளி. பதின்மூன்று புள்ளி எடுத்தால் வெற்றி. ஒருவர் மெல்ல உருட்டி இலக்கருகே சேர்ப்பார். மற்றொருவர் எதிரணியின் குண்டினை மேலிருந்து அடித்துச் சிதறடிப்பார். இரும்பு இரும்பை மோதும் அவ்வோசையைக் கேட்டு, தெருவில் செல்வோர் ஒரு கணம் நிற்பதை நாம் கண்டதுண்டு. ஒரு புள்ளியும் எடுக்காமல் தோற்றவருக்குப் புரோவான்சில் ஒரு சடங்கு உண்டு. அதனை இவ்விதழில் எழுதுவது முறையன்று.

புல்தரை வேண்டா, வலை வேண்டா, சீருடை வேண்டா. சிறிது சரளை மண் போதும். எழுபது வயதினர் இருபது வயதினரோடு சமமாக ஆடலாம், வெல்லவும் செய்வர். சாதியால் பிளவுண்ட ஒரு நகரத்தில் இதன் பொருள் என்ன என்பதை எளிதாகக் கடந்துவிடக் கூடாது. நம் சம்பா கோவில் எழுந்துள்ள இடத்தில் முன்பு நின்ற புனித பவுல் ஆலயத்துக்குள், சாதிக் கிறித்தவரையும் ஒடுக்கப்பட்ட கிறித்தவரையும் பிரித்து ஒரு சுவர் இருந்தது. 1745-இல் அது இடிக்கப்பட்டதை ஆனந்தரங்கம் பிள்ளை தம் நாட்குறிப்பில் பதிவு செய்துள்ளார். சுவர் போயிற்று, மனச்சுவர் பலகாலம் நின்றது. அத்தகைய ஊரில், இன்னார் மகன் என்று கேளாமல், கையின் நிதானத்தை மட்டும் கேட்கும் ஒரு சிறு வட்டம் தரையில் இடப்பட்டது. பாளையத்தில் ஒரே பாத்திரத்தில் உண்டு பழகிய சொல்தாக்கள் அவ்வழக்கத்தை மைதானத்துக்கும் கொண்டுவந்தனர் என்று கொள்வதில் தவறில்லை. அவ்வட்டத்துக்குள்ளும் குறைகள் இருந்தன. பெண்களுக்கு அங்கே இடம் அரிதாகவே தரப்பட்டது. மகளிருக்கான உலகப் போட்டி 1988-இலேயே தொடங்கிவிட்டது என்பதை நம் மைதானங்களின் பெரியவர்கள் அறிந்திருந்தும் அவசரப்படவில்லை.

பொழுதுபோக்கை வீண் என்று கருதும் மனப்பாங்கு நம் பக்தி வாழ்வில் ஆழமாகப் பதிந்துள்ளது. திருச்சபையின் மரபு அவ்வாறு கூறவில்லை. தூய அக்குவினா தோமா தம் இறையியல் தொகுப்பில், அளவோடு விளையாடுவதை ஒரு நற்பண்பாகவே வைத்து ஆராய்கிறார். அரிஸ்டாட்டிலிடமிருந்து அவர் எடுத்துக்கொண்ட கிரேக்கச் சொல்லுக்கு 'நன்றாகத் திரும்புதல்' என்று பொருள். உழைப்பிலிருந்து விளையாட்டுக்கும், விளையாட்டிலிருந்து உழைப்புக்கும் இலகுவாகத் திரும்பத் தெரிந்தவரே நிறைவான மனிதர். நற்செய்தியாளர் யோவான் தம் சீடரோடு விளையாடிக்கொண்டிருந்ததைக் கண்டு ஒருவர் முகம் சுளித்ததாகவும், எப்போதும் வளைந்தே இருக்கும் வில் முறிந்துவிடும் என்பதை அவர் வாயாலேயே யோவான் சொல்ல வைத்ததாகவும் ஒரு பழங்கதையைத் தோமா எடுத்துரைக்கிறார். கடவுளின் ஞானம் அவர் திருமுன் விளையாடி மகிழ்ந்ததாக நீதிமொழிகள் நூலின் எட்டாம் அதிகாரம் கூறுகிறது. மீட்படைந்த எருசலேமின் அடையாளமாகத் தெருக்களில் விளையாடும் சிறுவர் சிறுமியரைக் காண்கிறார் இறைவாக்கினர் செக்கரியா. இவற்றை எல்லாம் திரட்டி இயேசு சபை இறையியலார் ஹியூகோ ரானர் 1952-இல் ஒரு சிறு நூலே எழுதினார். இரண்டாம் வத்திக்கான் சங்கம், இக்கால உலகில் திருச்சபை பற்றிய ஏட்டில், உடற்பயிற்சியும் விளையாட்டும் மனத்தின் சமநிலையைக் காக்கின்றன, எல்லா நிலையினரையும் நாட்டினரையும் உடன்பிறப்புகளாக இணைக்கின்றன என்று எடுத்துரைத்தது. அது 1965-ஆம் ஆண்டு.

அச்சங்கம் நடைபெற்ற நாள்களில், படைப்பணியில் இருந்த மகனிடமிருந்து நம் ஊர்த் தாய்க்கு வான்வழிக் கடிதம்தான் வந்தது. பெறுபவர் படிக்கத் தெரியாதவராயின், பங்குத்தந்தையோ தபால்காரரோ படித்துக் காட்டுவர். பின்னர் தொலைபேசிக் கூடங்கள் வந்தன. கண்ணாடிப் பெட்டிக்குள் நின்று, சுவரில் ஓடும் சிவப்பு எண்களைப் பார்த்தபடியே, ஒரு கண் மகன்மேலும் ஒரு கண் கட்டணத்தின்மேலுமாகப் பேசிய தலைமுறை அது. 1995 ஜூலை 31-இல் இந்தியாவின் முதல் கைப்பேசி உரையாடல் நிகழ்ந்தது. 2007-இல் ஆப்பிள் நிறுவனத்தின் ஐபோன் வெளிவந்தது. லெனுவார் பாதம் ஊன்றி நின்ற ஆண்டுக்குச் சரியாக நூறாண்டு கழித்து என்பது தற்செயலே ஆயினும் நம் கவனத்தை ஈர்க்கிறது. 2016 செப்டம்பரில் ஜியோ சேவை தொடங்கியபின் இணையம் எளியோர் கைக்கும் எட்டியது. லூமியேர் சகோதரர்களின் திரை கொட்டகையில் இருந்தது. அதனைக் காண மனிதர் எழுந்து சென்று பலரோடு அமர்ந்தனர். இன்றைய திரை உள்ளங்கையில் உள்ளது. அதைக் காண எவரும் எங்கும் செல்ல வேண்டியதில்லை.

ஸ்மார்ட்போனைப் பழித்து மறையுரை ஆற்றுவது மிக எளிது. கேட்போரும் தலையசைப்பர், பிறகு வெளியே சென்று கைப்பேசியை எடுப்பர். சொல்தா குடும்பங்களை அறிந்தவர் அவ்வாறு எளிதாகப் பேச மாட்டார். இக்குடும்பங்களின் மக்கள் பாரீசிலும் சர்செல் போன்ற அதன் புறநகர்களிலும் வாழ்கின்றனர். பேரக்குழந்தைகள் பிரெஞ்சு பேசுகின்றனர். தமிழ் அவர்களுக்கு விருந்தினர் மொழி. இங்கே, பெரிய வீட்டில், முதியவர் ஒருவரோ இருவரோ உள்ளனர். கோடையில் பிரான்சின் நேரம் நமக்கு மூன்றரை மணி பின்னால் உள்ளது, குளிர்காலத்தில் நான்கரை. இங்கே மாலை ஐந்து மணி ஆகும்போது அங்கே மதிய உணவு வேளை. பிள்ளைகளுக்குப் பேச ஓய்வு கிடைப்பதும், தந்தைக்கு மைதானத்தில் வெயில் தணிவதும் ஒரே நேரத்தில் நிகழ்கின்றன. குண்டினைக் கையில் ஏந்தியவரின் சட்டைப் பை அதிர்வது இதனால்தான். அதனை எடுப்பதா விடுவதா என்பது நல்லொழுக்கத்துக்கும் தீயொழுக்கத்துக்கும் இடையிலான போராட்டம் அன்று. இரண்டு உறவுகளுக்கு இடையிலான இழுபறி.

2020 மார்ச்சில் பன்னாட்டு விமானங்கள் நிறுத்தப்பட்டன. அம்மாதங்களில் இறந்தோரின் பிள்ளைகள் பலர் வர இயலவில்லை. அத்தகைய அடக்கச் சடங்கு ஒன்றில், குழியின் விளிம்பில் நின்ற உறவினர் இளைஞர் ஒருவர் கைப்பேசியை இரு கைகளாலும் உயர்த்திப் பிடித்திருந்தார். திரையில் மகனின் முகம். நாம் மந்தரித்த நீர் தெளித்தபோது, அந்த முகமும் சிலுவை அடையாளம் வரைந்துகொண்டது. மைதானத்துத் தோழர்கள் நால்வர் முகக்கவசத்தோடு தள்ளி நின்றனர். சடங்கு முடிந்தபின் அவர்களுள் ஒருவர் முன்வந்து, இறந்தவரின் மூன்று குண்டுகள் தம்மிடம் உள்ளன, என்ன செய்வது என்று திரையை நோக்கிக் கேட்டார். பெயரின் முதலெழுத்துகள் பொறிக்கப்பட்ட குண்டுகள் அவை. சிறிது நேரம் பதில் வரவில்லை. இணைப்பு அறுந்துவிட்டதோ என்று எண்ணினோம். பின்னர், "யார் ஆடுகிறார்களோ அவர்களிடம் கொடுத்துவிடுங்கள், மாமா" என்று குரல் வந்தது. அக்கருவியைச் சாத்தானின் கருவி என்று அதன்பின் எவ்வாறு கூற முடியும்?

ஆயினும் அக்கருவி எடுத்துக்கொண்டது எதுவுமில்லை என்று கூறுவதும் உண்மையாகாது. மைதானத்தில் ஒருவர் ஆடும்போது மற்றவர்க்குக் காத்திருப்பு உண்டு. பெத்தாங்கின் பெரும்பகுதி காத்திருப்பே. முன்பு அந்த இடைவெளியில் ஒருவர் மற்றவரின் ஆட்டத்தைப் பார்த்தார், குறை கூறினார், பழைய பாளையக் கதை ஒன்றை நூறாவது முறையாகச் சொன்னார், வராதவர் ஏன் வரவில்லை என்று கேட்டார். நோயுற்றவரைப் பற்றிய செய்தி பங்குத்தந்தைக்கு எட்டிய வழியும் பல வேளைகளில் அதுதான். இப்போது அந்த இடைவெளி திரைக்குச் சென்றுவிட்டது. தம் முறை வந்ததை அழைத்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. வராதவர் குழுவில் ஒரு பூங்கொத்துப் படத்தை அனுப்பியிருப்பார். ஆதலால் அவர் நலமாக இருப்பதாக எல்லாரும் கருதிக்கொள்வர். மெய்யான நலம் என்ன என்பது வீட்டுக் கதவைத் தட்டினால்தான் தெரியும்.

பன்னாட்டுக் கூட்டமைப்பின் விதிநூல் இதில் கண்டிப்பாக உள்ளது. ஆட்டத்தின்போது புகைப்பதும் கைப்பேசியைப் பயன்படுத்துவதும் அங்கே விலக்கப்பட்டுள்ளன. புகைக்கும் கைப்பேசிக்கும் அடுத்தடுத்து இடம் தந்தவர்கள் அனுபவம் உடையோராகத்தான் இருக்க வேண்டும். அதே விதிநூலில் வேறு இரண்டு ஏற்பாடுகளும் நம் சிந்தனைக்கு உரியவை. ஒருவர் வட்டத்தில் நிற்கையில் ஆடுவோரும் பார்ப்போரும் முழு அமைதி காக்க வேண்டும். அவருக்கு ஒரு நிமிடம் தரப்படுகிறது. வட்டத்துக்கு வந்தவர் எவராயினும், தோற்றுக்கொண்டிருப்பவராயினும், அந்த ஒரு நிமிடம் அங்குள்ள அனைவரின் கவனமும் அவருக்கே உரியது. தம் சொந்த வீட்டில் ஒரு நாள் முழுவதிலும் அத்தகைய ஒரு நிமிடத்தைப் பெறாத முதியோர் நம் பங்குகளில் எத்தனை பேர்! மற்றோர் ஏற்பாடு, எந்தக் குண்டு இலக்குக்கு அண்மையில் உள்ளது என்னும் ஐயம் எழுந்தால் உரிய கருவியால் அளக்க வேண்டும், பாதத்தால் அளத்தல் கூடாது என்பது. ஐயம் எழுந்தவுடன் பூசல் செய்தவர்கள் எல்லாரும் குனிகின்றனர். நான்கைந்து தலைகள் ஓரிடத்தில் கூடுகின்றன. நாடாவை ஒருவர் பிடிக்க, எதிரணியைச் சேர்ந்தவர் மறுமுனையைப் பிடிக்கிறார்.

திருப்பலியின்போது கைப்பேசியை அணைத்து வைக்குமாறு நாம் ஞாயிறுதோறும் வேண்டுகிறோம். அதே ஞாயிற்றுக்கிழமை அறிவிப்புகளை வாட்ஸ்அப் குழுவில்தான் அனுப்புகிறோம். 2017 நவம்பரில் திருத்தந்தை பிரான்சிசு பொது மறைக்கல்வி உரையில், இதயங்களை உயர்த்துமாறுதான் குரு அழைக்கிறார், கைப்பேசிகளை உயர்த்துமாறு அன்று என்று கூறினார். குருக்களும் ஆயர்களும்கூட அவற்றை உயர்த்துவதாக அவர் வருந்தினார். சிரிப்பை எழுப்பிய சொல். எனினும் வேதனையோடு சொன்ன சொல். 2023 மே மாதம் சமூகத் தொடர்புக்கான வத்திக்கான் துறை வெளியிட்ட மேய்ப்புப்பணிச் சிந்தனை ஏடு இன்னும் ஒரு படி மேலே செல்கிறது. நல்ல சமாரியர் உவமையை எடுத்துக்கொண்டு, இணைய நெடுஞ்சாலையில் அடிபட்டுக் கிடப்போரைக் கண்டும் காணாமல் செல்கிறோமா என்று அது வினவுகிறது. அவ்வுவமையின் குருவும் லேவியரும் தீயவர் அல்லர். அவர்கள் வேறிடத்துக்குப் போய்க்கொண்டிருந்தவர்கள், அவ்வளவே. கால் நிற்காமல் மனம் நிற்பது அரிது. சமாரியர் செய்த முதற்செயல் மருந்திடுவதும் அன்று, பணம் தருவதும் அன்று. பயணத்தை நிறுத்தி அருகில் வந்ததே.

இங்கு நம்மை வருத்தும் மற்றொரு செய்தி உண்டு. பிரான்சில் கட்டாயப் படைப்பணி 1997-ஆம் ஆண்டுச் சட்டத்தால் நிறுத்தி வைக்கப்பட்டது. பழைய சொல்தாத் தலைமுறை ஆண்டுதோறும் குறைந்து வருகிறது. ஜூலை 14-இல் பதக்கங்கள் அணிந்து நடப்போரின் வரிசையும், நவம்பர் 11-இல் போர் நினைவுச் சின்னத்தின்முன் நிற்போரின் வரிசையும் சுருங்கி வருவதை நகரத்தார் அறிவர். ஓய்வூதியத்தோடு வந்த விளையாட்டு ஓய்வூதியத்தோடு போய்விடுமா? போகாது என்பதற்கு வெளிநாட்டுச் சான்றுகள் உண்டு. பிரெஞ்சியர் விட்டுச்சென்ற மடகாஸ்கர் தீவு 1999-இலும் 2016-இலும் உலகப் பட்டத்தை வென்றது. பிரெஞ்சு ஆட்சியையே காணாத தாய்லாந்தில் அரச குடும்பத்தின் ஆதரவால் இது மக்கள் விளையாட்டாக வளர்ந்தது. பாரீசின் 2024 ஒலிம்பிக்கில் இடம் கேட்ட பெத்தாங்குக்கு அது கிடைக்கவில்லை, தெருநடனத்துக்குக் கிடைத்தது. இதனால் ஆடுவோர் எவரும் ஆட்டத்தை விட்டுவிடவில்லை.

புதுச்சேரியிலும் படைப்பணிக்கும் பிரான்சுக்கும் எவ்விதத் தொடர்பும் இல்லாத இளைஞர்கள் இன்று மைதானத்துக்கு வருகின்றனர். மீனவக் குடும்பத்துப் பிள்ளைகளும் ஆலைத் தொழிலாளரின் பிள்ளைகளும் அவர்களில் உள்ளனர். அவர்களை அழைத்து வந்ததிலும் கைப்பேசிக்குப் பங்கு உண்டு என்பதை நேர்மையோடு கூற வேண்டும். பிரான்சின் பெரும் ஆட்டக்காரர்கள் குண்டு அடிக்கும் காட்சிகளை அவர்கள் திரையில் பார்த்து, மணிக்கட்டின் அசைவை நிறுத்தி நிறுத்தி நோக்கி, மறுநாள் மண்ணில் முயல்கின்றனர். பெரியவர்களுக்கு இது வியப்பாக உள்ளது. சிறிது மனத்தாங்கலும் உண்டு. தாங்கள் முப்பது ஆண்டுகள் முகாமிலும் மைதானத்திலும் கற்றதை இவன் மூன்று மாதத்தில் திரையிலிருந்து எடுத்துவிட்டான் என்பது அம்மனத்தாங்கல். ஆனால் சரளை மண்ணின் சரிவும், மழை பெய்த மறுநாள் குண்டு எங்கே நிற்கும் என்பதும் திரையில் வருவதில்லை. அதற்குப் பக்கத்தில் நிற்கும் கிழவரைத்தான் கேட்க வேண்டும், கேட்கவும் செய்கின்றனர்.

அண்மையில் ஒரு மாலை, திவ்விய நற்கருணை ஆசீர் முடிந்து திரும்பும் வழியில், இத்தகைய ஆட்டம் ஒன்றின் ஓரத்தில் சிறிது நின்றோம். போட்டி அன்று, நாள்தோறும் நிகழும் பழக்க ஆட்டம்தான். இருட்டத் தொடங்கியிருந்தது. பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு. இரண்டு குண்டுகளில் எது அண்மை என்று தெரியவில்லை. எழுபத்தைந்து வயதுப் பெரியவர் ஒருவர் முழங்காலில் கைவைத்து மெல்லக் குனிந்து நாடாவை நீட்டினார். எதிரணிப் பையன் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு, மற்றக் கையால் கைப்பேசியை எடுத்து அதன் விளக்கை ஏற்றினான். வெளிச்சத்தில் அவனுடைய குண்டின்மேல் பொறித்திருந்த எழுத்துகள் தெரிந்தன. அவை அவன் பெயரின் எழுத்துகள் அல்ல. "இன்னும் கொஞ்சம் கீழே காட்டுடா" என்றார் பெரியவர். அவன் காட்டினான்.